வில்லிஸ் என்று சொல்லப்படும் வண்டி

கேரளத்தின் இடுக்கி மலையில் எந்தப் பழைய ஜீப்பும் ‘வில்லிஸ்’தான். மறையூரிலோ காந்தல்லூரிலோ மூக்குத் தட்டையாக, மட்கார்டு பலகை போட்டதுபோல் நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு வண்டியைக் காட்டி விசாரியுங்கள். ‘வில்லிஸ்’ என்பது முதல் பதிலாக வரும். ‘பழைய மிலிட்டரி வண்டி’ என்பது இரண்டாவது. மூன்றாவதாக ஒரு விலை சொல்வார்கள். முதல் இரண்டும் மெய்யாக இருந்தால்தான் மூன்றாவது நியாயமாகும். அந்த இரண்டையும் சரிபார்க்க யாரும் மெனக்கெடுவதில்லை. சொல்கிறவரும் தான் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. அப்பா சொன்னார், அப்பாவுக்கு விற்றவர் அவரிடம் சொல்லியிருந்தார்.

இந்தப் பேச்சை எப்படிச் சோதிப்பது, சோதித்ததை எப்படி எழுதிவைப்பது என்று பார்க்கப் போனால், வழியில் ஒரு பெரிய சிக்கல் குறுக்கே வந்து நிற்கிறது. ‘அசல்’ என்பதற்கு நம் சட்டமும் பழைய வண்டிச் சந்தையும் வைத்திருக்கும் அளவுகோல் மலை ஜீப்புக்குப் பொருந்தவில்லை. பொருந்தாத அளவுகோலை வைத்து அளந்தால் உண்மையான வண்டி தோற்கும், ஜோடித்த வண்டி ஜெயிக்கும்.

மறையூருக்கு அசல் போலி விவகாரம் புதிதல்ல. மறையூர் சர்க்கரை என்று அவர்கள் சொல்லும் உருண்டை வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைப்பதற்கு முன்னும் பின்னும், வெளியூர் வெல்லம் அதே பெயரைச் சொல்லிக்கொண்டு கடைகளில் உட்கார்ந்திருப்பதுதான் ஊர்க்காரர்களின் புகார். சந்தன மரத்தின் கதை இன்னும் கறாரானது. காட்டில் நிற்கும்போதே மரத்துக்கு எண் உண்டு. வெட்டி, சீவி, தரம் பிரித்து, எடை போட்டு வனத்துறைக் கிடங்கிலிருந்து ஏலத்துக்குப் போகும்வரை காகிதம் அதன் கூடவே போகும். காகிதமில்லாத கட்டை வைத்திருந்தால் கைதுதான். ஒரு கட்டைக்கு இவ்வளவு வம்சாவளி எழுதிவைக்கும் ஊரில், அறுபது வருடம் மலையேறி இறங்கிய ஜீப்புக்கு மடித்து மடித்துக் கிழிந்த ஒரு ஆர்.சி. புத்தகம் மட்டும் மிஞ்சுகிறது. அதுவும் சில வீடுகளில் லேமினேஷன் செய்யப்பட்டு, பின்பக்கக் குறிப்புகள் படிக்க முடியாமல் போயிருக்கும்.

ஜீப் இந்த மலைக்கு வந்த பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்க ராணுவம் ஒரு சிறிய நான்கு சக்கர இழுவை வண்டியைக் கேட்டது. 1941 முதல் 1945 வரை வில்லிஸ் ஓவர்லேண்ட் நிறுவனம் ‘எம்.பி.’ என்ற பெயரிலும், ஃபோர்டு நிறுவனம் அதே வண்டியை ‘ஜி.பி.டபிள்யூ.’ என்ற பெயரிலும் செய்தன. இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல். போர் முடிந்ததும் இந்தியாவில் நின்றுபோன ராணுவ வண்டிகள் டிஸ்போசலில் விற்கப்பட்டன. ‘மிலிட்டரி வண்டி’ என்ற சொல்லின் மூலம் அதுதான். 1945இல் தொடங்கிய மகிந்திரா நிறுவனம் 1947இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பாகம் பாகமாக இறக்கிப் பூட்ட ஆரம்பித்தது. பிறகு வில்லிஸ் உரிமத்தின்கீழ் ‘சி.ஜே. 3பி’ மாடலை இங்கேயே செய்து, அமெரிக்காவில் அது 1968இல் நின்றுபோன பின்பும் பல வருடங்கள் விற்றது.

நம் பக்கத்து மலைகளில் ஓடியவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்த மகிந்திரா ஜீப்புகளே. உரிமம் வில்லிஸுடையது என்பதால் ‘வில்லிஸ்’ என்ற பேச்சை முழுப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் ‘மிலிட்டரி’ என்பது வேறு வழக்கு.

ஊரின் கிடப்பையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மூணாறிலிருந்து வடக்கே இறங்கி, மறையூரைத் தொட்டு, சின்னாறு காட்டைக் கடந்து உடுமலைப்பேட்டைக்குப் போகிறது சாலை. ஜில்லாவும் மாநிலமும் ஒரு பக்கம், சந்தையும் பேச்சும் மறு பக்கம். ஜி.டி. நாயுடு 1920இல் தன் முதல் பேருந்தை ஓட்டிய பொள்ளாச்சி–பழனி தடத்தின் நடுவில் இருப்பதுதான் உடுமலைப்பேட்டை. மோட்டார் என்றால் மறையூருக்கு இயல்பாகக் கண் போவது அந்தச் சமவெளிப் பக்கம். அதனால் இங்குள்ள ஒரு வண்டியின் காகிதத்தில் இரண்டு மாநிலங்களின் கைநாட்டு இருப்பது சகஜம். அதைப் பிறகு பார்ப்போம். முதலில் இரும்பு.

ஆர்.டி.ஓ. காரியங்களுக்குப் போகிறவர்கள் ‘சேசிஸ் பிரிண்ட்’ எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். டீசலில் நனைத்த துணியால் அழுக்கைத் துடைத்து, கம்பி பிரஷால் துருவைச் சுரண்டி, எண் குத்திய இடத்தின்மேல் மெல்லிய தாளை அழுத்திப் பிடித்து, பென்சில் முனையைச் சாய்த்து மெதுவாகத் தேய்ப்பார்கள். கறுப்புக்கு நடுவே வெள்ளையாக எண்கள் எழும்பி வரும். பத்து நிமிட வேலை. என்னைக் கேட்டால் ஒரு வண்டியைப் பற்றி எடுக்கக்கூடிய ஆவணங்களில் இதைவிட நேர்மையானது கிடையாது. புகைப்படத்தில் வெளிச்சம் ஏமாற்றும்; ஆர்.சி.யில் குமாஸ்தாவின் கை தவறும். பென்சில் தேய்ப்பில் எண்ணின் ஆழம், சாய்வு, இரண்டு எண்களுக்கு இடையிலான இடைவெளி எல்லாம் அப்படியே பதிந்துவிடும். பிற்பாடு யாராவது சுத்தியலும் எண் அச்சும் வைத்து அடித்த எண் வரிசையில் நிற்காது. ஒன்று தூக்கலாகவும் ஒன்று குனிந்தும் இருக்கும்.

அசல் போர்க்கால எம்.பி.யில் இந்த எண் எங்கே இருக்கும் என்பதே ஒரு சோதனை. முன் பம்பருக்குச் சற்றுப் பின்னால், இடது சேசிஸ் கட்டையின் உட்பக்கத்தில் ரிவெட் அடித்த சின்னத் தகடு ஒன்றில் இருக்கும். ஃபோர்டு செய்ததில் தகடு கிடையாது. இடது கட்டையின் மேல்முகத்தில், என்ஜின் உட்காரும் இடத்துக்கு அருகே நேரடியாகக் குத்தியிருப்பார்கள். ரேடியேட்டருக்குக் கீழே ஓடும் முன் குறுக்குக் கட்டையைத் தடவிப் பார்த்தாலும் தெரிந்துவிடும். வில்லிஸில் அது உருண்டைக் குழாய். ஃபோர்டில் கவிழ்த்த ‘ப’ வடிவம். ஃபோர்டுக்கு இன்னொரு பிடிவாதம் இருந்தது. போல்ட்டுத் தலையில்கூட ‘எஃப்’ எழுத்தைப் பொறித்து வைத்தது. துருப்பிடித்த போல்ட்டை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்து, அந்த எழுத்து கிடைத்ததும் முகம் மலர்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

ஆளைப் பார்த்தே ஊரைச் சொல்வதுபோல, சற்றுத் தள்ளி நின்றே சொல்லக்கூடிய அடையாளங்களும் உண்டு. போர் ஜீப்பின் தகட்டுக் கிரில்லில் 9 கீற்றுகள், பின்னால் வந்த சிவில் ஜீப்பில் 7. போர் ஜீப்பின் முன்விளக்குகள் சிறியவை, கிரில்லுக்கு உள்ளே தள்ளியிருக்கும். இரவில் என்ஜினைப் பழுதுபார்க்க விளக்கைப் பின்பக்கமாகத் திருப்பிக்கொள்ளக் கீல் வைத்திருந்தார்கள். சிவில் ஜீப்பின் விளக்குகள் பெரியவை, வெளியே பிதுங்கி நிற்கும். போர் ஜீப்புக்குப் பின்கதவு கிடையாது. பெட்ரோல் ஊற்ற ஓட்டுநர் சீட்டைத் தூக்க வேண்டும். மகிந்திரா அதிகமாகச் செய்த சி.ஜே. 3பியோ தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். அதன் ‘ஹரிக்கேன்’ என்ஜினில் உள்ளிழுக்கும் வால்வுகள் தலைமேல் உட்கார்ந்ததால் என்ஜின் உயரமானது. அதை மூட பானட்டையும் உயர்த்த வேண்டி வந்தது. இதைத்தான் ‘ஹை பானட்’ என்கிறார்கள். முந்தையவை ‘லோ பானட்’.

இங்கேதான் வம்பு. லோ பானட் பார்க்க அழகு. விலையும் அதற்குத்தான். ஆகவே ஹை பானட் சேசிஸின்மேல் புதிதாக அடித்த லோ பானட் பாடியை உட்கார்த்தி வைக்கும் தொழில் நாடெங்கும் நடக்கிறது. அதற்கென்றே பெயர் வாங்கிய ஊர் ஹரியானாவில் இருக்கும் மண்டி டப்வாலி. அங்கே பாடி, கிரில், மட்கார்டு, ஏன், ஆலிவ் பச்சைப் பெயின்டும் வெள்ளை நட்சத்திரமும்கூடச் சொன்னபடி செய்து தருவார்கள். அதை ஒரு கைவினை என்று ரசிக்கலாம், தவறில்லை. 1943 மாடல் என்று சொல்லி விற்றால்தான் மோசடி. வாங்குகிறவர் பாடியைப் பார்த்து மயங்குகிறார். பாடி என்பது ஜீப்பில் சட்டை மாதிரி. கேள்வி கேட்க வேண்டியது எலும்பை.

எலும்பையும் திருத்துகிறார்கள் என்பது உண்மைதான். பழைய எண்ணைக் கிரைண்டரால் தேய்த்து மழித்துவிட்டுப் புது எண் குத்துவது பழைய தந்திரம். ஆனால் இரும்புக்கு ஞாபகம் உண்டு. எண்ணைக் குத்தும்போது கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்குக் கீழே இருக்கும் உலோகமும் நசுங்கி இறுகுகிறது. மேற்பரப்பைத் தேய்த்தாலும் அந்த இறுக்கம் உள்ளே நிற்கும். தடய அறிவியல் ஆய்வகத்தில் அந்த இடத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, தாமிரக் குளோரைடு கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தடவுவார்கள். இறுகிய இடமும் இறுகாத இடமும் அமிலத்துக்கு வேறு வேறு விதமாகக் கரையும். சில நேரம் நிமிடங்களில், சில நேரம் மணிக்கணக்கில், அழிந்த எண் ஆவிபோல எழும்பிவரும். ஆசைப்பட்டு வீட்டில் செய்துபார்க்கக் கூடாத வேலை. ஒருமுறை கெடுத்தால் சாட்சியம் போனதுதான்.

வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. டாஷ்போர்டுக்கு அடியிலோ சீட்டுப் பெட்டிக்குள்ளோ, யாரும் டிங்கரிங் பார்க்காத ஒரு மூலையில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு நைஸ் உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்துப் பாருங்கள். பெயின்ட் அடுக்குகள் மரத்தின் ஆண்டு வளையம்போல விரியும். மேலே வெள்ளை, அதற்குள் நீலம், அதற்குள் ஒரு காலத்து மஞ்சள், அடியில் சிவப்பு பிரைமர். ராணுவப் பச்சை ஆகக் கீழே கிடைத்தால் ஒரு கதை. மேலே மட்டும் பச்சையும் கீழே நீலமும் இருந்தால் அது முற்றிலும் வேறு கதை.

போர் ஜீப் என்றே நிரூபணமானாலும், எல்லாப் பாகமும் ஒரே நாளில் ஒரே ஆலையில் பிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் பாகங்கள் மாற்றிப் பூட்டக்கூடியவை. அமெரிக்க ராணுவம் கேட்டதே அதைத்தான். போர்க்களப் பட்டறைகளில் வில்லிஸ் சேசிஸில் ஃபோர்டு என்ஜினைப் பூட்டி அனுப்பினார்கள். கலப்பு ராணுவத்திலேயே தொடங்கிவிட்டது. மறையூர் மெக்கானிக்கைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

அடுத்து காகிதம். இந்த மலையில் ஒரு நம்பர் பிளேட் அரசியல் வரலாற்றுப் புத்தகம். திருவிதாங்கூரும் கொச்சியும் 1949 ஜூலை 1 அன்று இணைந்தன. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்தது. அதுவரை பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது. மறையூர் இருக்கும் தேவிகுளம் தாலுகா திருவிதாங்கூரில் இருந்தது. கேரளத்தில் தேவிகுளம் கோட்டயம் மாவட்டத்துக்குப் போனது. இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26 அன்றுதான் உண்டானது. பழைய மூன்றெழுத்து முறையில் கோட்டயத்துக்கு கே.எல்.கே., பாலக்காட்டுக்கு கே.எல்.பி. இப்போதுள்ள இரண்டெழுத்து, இரண்டு எண் முறை 1989இல் வந்தது. அதில் இடுக்கிக்கு கே.எல். 06, தேவிகுளத்துக்குப் பின்னாளில் கே.எல். 68.

இதைத் தெரிந்துகொண்டால் பல பேச்சுகள் தாமாக உடையும். ‘1965இல் தாத்தா புது வண்டியாக எடுத்து இங்கேயே பதிவு செய்தார்’ என்று ஒருவர் சொல்ல, ஆர்.சி.யில் முதல் பதிவு இடுக்கி என்று இருந்தால் ஏதோ ஒன்று தவறு. 1965இல் இடுக்கி என்று ஒரு மாவட்டமே இல்லை. மாறாக, மறையூர்க்காரர் வீட்டில் கே.எல்.கே. எண் இருந்தால் அது பிசகு இல்லை, சரியான சாட்சி. பொள்ளாச்சியிலோ கோவையிலோ வாங்கி மலைக்குக் கொண்டுவந்த வண்டி என்றால், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்க புதுப் பதிவு வேண்டும். அதற்கு முந்தைய அலுவலகத்தின் என்.ஓ.சி. வேண்டும். அந்த என்.ஓ.சி.யின் நகல் பல வீடுகளில் எல்.ஐ.சி. பாலிசியோடு ஒரே டிரங்குப் பெட்டியில் கிடக்கும். அதைத் தேடி எடுத்தால் வண்டி மலையேறிய மாதமே தெரிந்துவிடும்.

பழைய கையெழுத்துப் பதிவேடுகளிலிருந்து எல்லா வண்டிகளும் ‘வாகன்’ கணினித் தரவுக்குள் ஏறிவிடவில்லை. ஏறாதவற்றை ‘பேக்லாக்’ பதிவாக அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது தயாரிப்பு வருடம், எரிபொருள், இருக்கை எண்ணிக்கை என்று ஒவ்வொரு கட்டத்திலும் தவறு நுழைய வாய்ப்புண்டு. ஆகவே கணினி அச்சை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவர், பழைய புத்தகத்தையும் காட்டச் சொல்லிக் கேட்பது நல்லது.

காகிதத்தை நம்பி மட்டும் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்தில் அண்மையில் ஒரு பெரிய உதாரணம் கிடைத்தது. 2025 செப்டம்பரில் சுங்கத்துறை ‘நும்கோர்’ என்ற பெயரில் தேடுதல் நடத்தியது. பூடான் மொழியில் அதற்கு வாகனம் என்று பொருள். பூடானில் ராணுவம் முதலியவை கழித்துவிட்ட வண்டிகளைக் கடத்திவந்து, போலி ஆவணங்களால் வேறு மாநிலங்களில் பதிவு செய்து, இங்கே விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. கவனிக்க வேண்டியது இதுதான்: அந்த வண்டிகளிடம் காகிதம் இல்லாமலில்லை. காகிதம் இருந்தது. சாலையில் நிறுத்திக் கேட்டால் காட்டியிருப்பார்கள்.

இரும்பும் காகிதமும் ஒன்றையொன்று ஆமோதிக்க வேண்டும். மூன்றாவதாக மனித நினைவு, அதன் துணைக்குப் புகைப்படம். கல்யாண ஊர்வலத்தில் மாலை போட்ட ஜீப், சபரிமலைக்குப் புறப்படும் ஜீப், கரும்பு வண்டிக்குப் பக்கத்தில் பையனைப் பானட்டின்மேல் உட்காரவைத்து எடுத்த படம். இவற்றில் ஆட்களைப் பார்க்கும் முன் நம்பர் பிளேட்டைப் பார்க்க வேண்டும். கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த வண்டிகளுக்கு இந்த நூற்றாண்டின் தொடக்கம்வரை இருந்த முறை. சொந்த வண்டியில் வெள்ளைப் பலகையும் கறுப்பு எழுத்தும் என்றால் அதற்குப் பிறகு. மஞ்சள் பலகை என்றால் அன்றைக்கு அது வாடகைக்கு ஓடியது. மூன்றெழுத்து எண் இருக்கும் படத்தில் லோ பானட் தெரிகிறதா, ஹை பானட் தெரிகிறதா? ஒரு படம் போதும், பாடி எப்போது மாறியது என்ற சண்டை தீர்ந்துவிடும்.

ஓட்டுநர்களின் நினைவு வேறு வகை. வருடம் கேட்டால் தடுமாறுவார்கள். ‘பெட்ரோல் என்ஜினை எப்போது கழற்றினீங்க?’ என்றால் பதில் வராது. ‘கழற்றும்போது யார் பட்டறை? மவுண்டிங் எங்கே வெல்டு வச்சீங்க? கியர்பாக்ஸ் அப்படியே சேர்ந்ததா?’ என்று கேளுங்கள். கை தானாக எழுந்து காற்றில் அளவு காட்டும். சம்பவத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டால் வருடம் பின்னாலேயே வந்துவிடும்: மூத்த பெண் பிறந்த வருடம், பெருமழையில் ரோடு உடைந்த வருடம்.

அந்த பெட்ரோல் என்ஜின்தான் இந்தக் கட்டுரையின் நடுப்புள்ளி. வில்லிஸின் 2.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின் போர்க்காலத்தில் 60 குதிரைத்திறன் தந்தது. குணத்தில் தங்கம், குடிப்பதில் யானை. எண்ணெய் விலை எகிறிய 1970களுக்குப் பிறகு மலையில் அதை வைத்து ட்ரிப் அடித்துக் கட்டுப்படியாகாது. ஆகவே டீசல். மகிந்திராவே இன்டர்நேஷனல் டிராக்டரின் என்ஜினையும் பின்னர் பூஜோ டீசலையும் தன் ஜீப்புகளில் பூட்டி விற்றது. பழைய பெட்ரோல் வண்டி வைத்திருந்தவர்கள் அதே என்ஜின்களைப் பழைய சாமான் கடைகளில் தேடி வாங்கி, மவுண்டிங்கை வெட்டி ஒட்டி, உள்ளே இறக்கினார்கள். மலை ஜீப் உயிரோடு இருப்பதற்குக் காரணமே இந்த அறுவைச் சிகிச்சைதான். மாற்றாமல் விட்டிருந்தால் அவை 1980களிலேயே பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனிப் பிரிவு சேர்ந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு இது பொருந்தும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்து வருடம் செல்லும். எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். வாடகைக்கோ அன்றாடத்துக்கோ கூடாது. இவையெல்லாம் புரிகிறது. இடிப்பது ஒரே ஒரு நிபந்தனை: வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, என்ஜினில் கணிசமான மாற்றம் செய்திருக்கக் கூடாது.

அதாவது ஐம்பது வருடம் மறையூரில் உழைத்த ஜீப் தகுதி இழக்கிறது. அதே சேசிஸுக்கு இப்போது எங்கிருந்தோ ஒரு பெட்ரோல் என்ஜினை வாங்கி மாட்டி, புதுப் பாடி போட்டுப் பளபளவென்று நிறுத்தினால், மாற்றமே செய்யாத வண்டி என்று எழுதிக்கொடுக்கத் தூண்டுதல் வருகிறது. சட்டத்தின் நோக்கம் அதுவல்ல என்று எனக்குத் தெரியும். விளைவு அதுதான்.

வேறு நாடுகள் இதை எப்படிப் பார்த்தன? பிரிட்டனில், வெகுவாக மாற்றப்பட்ட வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று தீர்மானிக்க நெடுங்காலம் ஒரு புள்ளிக் கணக்கு இருந்தது. அசல் சேசிஸுக்கு 5 புள்ளி. சஸ்பென்ஷன், ஆக்சில்கள், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. என்ஜினுக்கு வெறும் 1. மொத்தம் 14இல் 8 எடுத்தால் போதும், சேசிஸ் மட்டும் கட்டாயம். நம் டீசல் ஜீப்பை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தால் ஒரே ஒரு புள்ளிதான் இழந்திருக்கும். என்ஜின் தேய்கிற பொருள், மாற்றப்படுகிற பொருள் என்ற எளிய பட்டறை ஞானம் அந்தக் கணக்கில் இருக்கிறது. (ஒரு வேடிக்கை: பிரிட்டன் ஆர்வலர் வழக்கில் ‘விண்டேஜ்’ என்பது 1930 வரைக்கும்தான். அந்தக் கணக்கில் எந்த ஜீப்பும் விண்டேஜ் ஆகவே முடியாது.)

இதைவிடச் சுவாரசியமானது லண்டனில் 1990இல் நீதிபதி ஆட்டன் விசாரித்த வழக்கு. ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்று புகழ்பெற்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், 1929, 1930 ஆகிய இரண்டு வருடங்கள் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் வென்ற கார். அதை 1 கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் ஆனது. வாங்க ஒப்பியவர்கள் பிறகு பின்வாங்கினார்கள்: இது அந்தக் காரே இல்லை, லெ மானில் ஓடிய இரும்பு இதில் மிக மிகக் கொஞ்சம்தான் என்பது அவர்கள் வாதம். வாதத்தில் உண்மை இருந்தது. பந்தயக் காலத்தில் பாகங்கள் தொடர்ந்து மாறின. 1932இல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத்தில் கார் விபத்துக்குள்ளாகி அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்தார். அதன்பின் வேறு பாடியோடு மறுபடி கட்டினார்கள்.

நீதிபதி சொற்களைப் பிரித்தார். பிறந்த மேனியாக இருக்கிறதா என்று கேட்டால் இல்லை. ஆனால் ஒரே நாளில் கலைத்து வேறொன்றாகக் கட்டியதல்ல. ஒவ்வொரு மாற்றமும் முந்தையதன்மேல் வந்தது. இடையில் அந்தக் கார் இல்லாமல் போன நாள் என்று ஒன்று கிடையாது. இந்தப் பெயரைக் கேட்டு வரக்கூடிய வேறு எந்த பென்ட்லியும் உலகில் இல்லை. ஆகவே இதுதான் ஓல்ட் நம்பர் ஒன் என்றார். விற்றவர் வென்றார். அந்த வெற்றிக்கு அடித்தளம் மாற்றங்கள் இல்லாதது அல்ல, மாற்றங்களுக்குத் தடயம் இருந்ததுதான்.

பழமை வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் ஏற்ற டூரின் சாசனமும் இதே பக்கம்தான் நிற்கிறது. கட்டடங்களுக்கான 1964 வெனிஸ் சாசனத்தைப் பார்த்து எழுதப்பட்டது அது. வண்டி உழைத்த காலத்தில் செய்த மாற்றங்கள் அதன் வரலாற்றுக்குச் சாட்சி. ஆலையிலிருந்து வெளிவந்த கோலத்துக்குத் திருப்பியே ஆக வேண்டும் என்பதில்லை. இப்போது செய்யும் வேலைகளை மட்டும் மறைக்காமல் எழுதிவை என்பது அதன் சாரம். கோயிலில் நாயக்கர் கட்டிய மண்டபத்தைச் சோழர் கட்டவில்லை என்பதற்காக யாரும் இடிப்பதில்லையே.

டூரின் பார்வையில், 1978இல் டீசல் ஏற்றிய ஜீப்பில் அந்த டீசல் வரலாறு. சென்ற மாதம் டப்வாலியிலிருந்து வந்த கிரில் வரலாறு இல்லை, அலங்காரம். இந்த வேறுபாட்டை நம் விதிகள் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்க ஒரு பத்தி போதும்: மாற்றம் நடந்த காலமும் ஆதாரமும் காட்டினால் ‘உழைப்புக் கால மாற்றம்’ என்று ஏற்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு எப்படியும் வண்டியில் மாற்றம் செய்தால் அனுமதி பெற்று ஆர்.சி.யில் ஏற்றச் சொல்கிறது. அந்தக் காலத்தில் ஒழுங்காக ஏற்றியவர் இன்று தன் நேர்மையினாலேயே மாட்டிக்கொள்கிறார். ஏற்றாதவர் ‘மாற்றமே இல்லை’ என்று போகிறார்.

சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எழுதிவைக்கும் வேலையை இன்றே செய்யலாம். கற்பனையாக ஒரு மறையூர் ஜீப்பை எடுத்துக்கொண்டு, அதன் ஏட்டில் என்ன எழுதுவேன் என்று சொல்கிறேன்.

பேச்சு: வில்லிஸ், மிலிட்டரி, 1944. இரும்பு: இடது கட்டையின் உட்பக்கத்தில் தகடும் இல்லை, தகடு இருந்த ரிவெட் துளையும் இல்லை, முன் குறுக்குக் கட்டை உருண்டைக் குழாயும் இல்லை, கவிழ்த்த ‘ப’வும் இல்லை. சேசிஸ் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறது, பென்சில் பிரிண்ட் ஒட்டப்பட்டிருக்கிறது, எண்கள் ஒரே ஆழம். காகிதம்: முதல் பதிவு கே.எல்.கே., தயாரிப்பு 1962, மகிந்திரா, பெட்ரோல். பின்னால் டீசல் என்று சிவப்பு மையில் ஒரு வரி, முத்திரை மங்கல். படம்: கறுப்புப் பலகை, ஹை பானட், மட்கார்டில் மல்லிகைச் சரம். பெயின்ட்: வெள்ளை, பச்சை, நீலம், பிரைமர், பச்சை நீலத்துக்கு மேலே இருக்கிறது, ஆகையால் ராணுவத்தினுடையது அல்ல. லோ பானட் பாடி: தற்போதைய உரிமையாளர் போட்டது, பில் இணைப்பு. கழற்றிய ஹை பானட் மாட்டுக்கொட்டகையில் இருக்கிறது. விற்க வேண்டாம் என்று சொல்லப்பட்டது. டீசல் ஏற்றிய பட்டறை உடுமலைப்பேட்டையில். ஓட்டுநர் சொன்னது, அவர் கையொப்பம் வலப்பக்கம். பெட்ரோல் என்ஜின்: எடைக்குப் போட்டாயிற்று. எண் குறிக்கப்படவில்லை.